அட்ஜஸ்ட்டுக்கு முப்பத்தொரு சாட்சி

நான் அகராதி எழுதிப் பிழைக்கிறவன். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்கிற, பள்ளிப் பிள்ளைகள் பையில் சுமந்து சுமந்து ஒருதரம்கூடத் திறக்காமலே ஓரம் கிழிந்துபோகிற அந்தத் தடிப் புத்தகம்தான். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. உத்தியோகத்தின் பெயர் உதவி ஆசிரியர். யாருக்கு உதவி என்பது இன்னும் எனக்கே தெளிவாகவில்லை. மூன்றாம் பதிப்புக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் இது நடந்தது. இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லை.

எங்கள் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளம். ஆளுக்கொரு சின்ன மேஜை, நடுவில் ஒரு நீள மேஜை, சுவர் நெடுக மர அலமாரி, அலமாரி முழுக்கச் சீட்டு. சீட்டு என்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை. நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒரு விதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு வினைச்சொல்லுக்குப் பொருள் எழுதுவதற்கு முன்னால், அதை மனுஷர் வாயிலிருந்து கேட்டுச் சீட்டில் குறிக்க வேண்டும். சீட்டில் நான்கு வரி: சொன்னவர், கேட்டவர், சொன்னது, பின் நடந்தது. பெயர் கூடாது. உறவோ தொழிலோ போட்டால் போதும். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னவனைக் கேட்டால் அவன் கதை விடுவான், கேட்டவன் அதற்குப் பிறகு என்ன செய்தான் என்று பார்த்தால் பொருள் தானாக வெளியே வரும் என்பது அவர் கட்சி. அதனால் நான்காவது வரி காலியாக இருந்தால் அந்தச் சீட்டு செல்லாது.

எழுதிய சீட்டையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுவிடுவோம். வியாழக்கிழமை தலைமை ஆசிரியை அவற்றைச் சத்தமாக வாசிப்பார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பொருள் பிரிப்போம். நாங்கள் என்றால் நான்கு பேர். தலைமை ஆசிரியையை நேரில் மேடம் என்போம், அவர் நகர்ந்ததும் கத்தரிக்கோல் என்போம். பூதக்கண்ணாடி என்று பட்டம் வாங்கிய மெய்ப்புத் திருத்துகிறவர் ஒருவர். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற பெண் ஒருத்தி. நான்காவது நான்.

ஒரு திங்கட்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு சொல்லைத் தலையில் கட்டினார்.

"சார், 'அட்ஜஸ்ட்'டை நீங்க எடுத்துக்குங்க. போன பதிப்புல ஒப்பேத்தி வச்சிருக்காங்க. உங்களுக்குத்தான் சரியா வரும். யார்கிட்டயும் ஒரு வார்த்தை அதிகமாப் பேசாதவர் நீங்க."

எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. போன பதிப்பைப் புரட்டினேன். 'சரிசெய், பொருத்து, ஒழுங்குபடுத்து' என்று இருந்தது. எழுதிய புண்ணியவான் வாழ்நாளெல்லாம் கடிகாரக் கடையிலேயே குடியிருந்தார் போலிருக்கிறது. இந்தச் சொல்லை மனுஷர் மேல் பிரயோகிக்கிறார்கள் என்கிற தகவல் அவருக்குக் கடைசிவரை எட்டவில்லை.

எனக்கு எட்டியிருந்தது. ஏனென்றால் ஊரில் உள்ள அத்தனை பேரும் என்னிடம்தான் இந்தச் சொல்லைச் சொல்லி வந்தார்கள். இரண்டே வாரத்தில் பதினாலு சீட்டு சேர்த்துவிட்டேன். தையற்காரர் சொன்னார்: "தோள்ல லேசாப் பிடிக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." பின் நடந்தது: கையை மேலே தூக்காமல் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். வீட்டுக்காரர் சொன்னார்: "மோட்டார் ரிப்பேர் ஆகுறவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." பின் நடந்தது: பதினோரு நாள் பக்கத்துத் தெருவில் குளித்தோம். பஸ்ஸில் ஒரு ஆசாமி, மூன்று பேர் இருக்கையில் நான்காவதாகத் தன்னை நுழைத்துக்கொண்டே சொன்னார். பின் நடந்தது: இறங்கவேண்டிய இடம் வரும்வரை எனக்கு ஒரே ஒரு தொடைதான் இருந்தது. மேடம் வாயிலிருந்து விழுந்ததையும் விடவில்லை. "ஆள் குறைவு சார், ரெண்டு எழுத்துல வர்ற சொல்லையும் நீங்களே பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." பின் நடந்தது: பார்த்தேன்.

எழுத எழுத என் மேல் எனக்கே ஒரு பரிதாபம் வந்தது. இவ்வளவு பொறுமைசாலியை இந்த உலகம் எப்படியெல்லாம் ஏறி மிதித்திருக்கிறது என்று நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

சீட்டு போதாது என்றால் வீட்டாரையும் எழுதச் சொல்வது எங்கள் வழக்கம். அதற்கென்று ஆளுக்கொரு தனிக் கட்டு உண்டு, கட்டுக்கு ஒரு எண் உண்டு. என் கட்டு நாலாம் எண். அதை மனைவியிடம் கொடுத்து, "உனக்குக் காதுல விழுந்ததை எழுது. பழசு ஞாபகம் இருந்தாலும் எழுதலாம், எந்த வருஷம்னு மட்டும் போடு" என்றேன்.

"எவ்வளவு பழசு?" என்று கேட்டாள்.

"எவ்வளவு வேணாலும்" என்றேன். தாராள மனசு எனக்கு.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது, குழாய்களில் பிரித்து வைப்பது, மெஷினில் போட்டு முடிவு எழுதுவது. காலை ஒன்பதரைக்குப் போய்ச் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். ஒரே மகள், பெரிய பரீட்சை எழுதப்போகிறவள். என் அப்பாவும் எங்களோடு இருக்கிறார். சண்டை சச்சரவு கிடையாது. எங்களைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பொறாமைப்படுவார்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"லேப்ல காலை ஷிஃப்ட்டுக்கு என்னைப் பொறுப்பாப் போடறேங்கறாங்க. ஆறு பேர் எனக்குக் கீழ. ரிப்போர்ட்ல நான்தான் கையெழுத்துப் போடணும். ஆனா ஆறு மணிக்கு நான் போய்த் திறக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

அவள் முகத்தில் ஒரு சிவப்பு இருந்தது. பேப்பருக்கு மேலே அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் பொய்.

"நல்ல விஷயம்தான்" என்றேன். "ஆனா ஆறு மணின்னா வீட்டுல காலைல யாரு? அப்பா இருக்கார், இவளுக்குப் பரீட்சை வேற. இப்ப போறதே நல்லாத்தானே போகுது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குத் திருப்பினேன். அவள் எழுந்து போனாள். இரண்டு வாரமாக அந்தச் சொல்லை வலை போட்டுத் தேடிக்கொண்டிருந்தவன் வாயிலிருந்தே அது குதித்து ஓடியிருக்கிறது, என் காதில் விழவில்லை. அகராதிக்காரன் லட்சணம் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவள் சீட்டுக்கட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கனமாக இருந்தது. சபாஷ் என்றேன். ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றாமல் அலுவலகப் பெட்டியில் போட்டேன்.

வியாழக்கிழமை நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். முதலில் என் பதினாலு சீட்டு. எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். பஸ் ஆசாமியின் சீட்டைக் கேட்டுப் பக்கம் கட்டுகிற பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். 'ஒடுங்கு', 'பொறுத்துக்கொள்', 'சமாளி' என்று மூன்று பொருள் கரும்பலகையில் ஏறியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து மேடம் ஒரு பெரிய கட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"சொன்னவர், கணவர். கேட்டவர், மனைவி. சொன்னது: 'வீடு சின்னது, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' பின் நடந்தது: என் தையல் மெஷினை அம்மா வீட்டுக்கே திருப்பி அனுப்பினேன். அங்கே அதை விற்றுவிட்டார்கள்."

"இது 'விட்டுக்கொடு'" என்றார் பூதக்கண்ணாடி. எழுதினோம்.

"கணவர், மனைவி. 'ஃபேன் வேகமா ஓடினாத்தான் எனக்குத் தூக்கம் வரும், நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' பின் நடந்தது: கம்பளி வாங்கினேன். மூன்று வருஷத்துக்கு ஒன்று என்று இது ஐந்தாவது கம்பளி."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். "யாரும்மா இந்த மகாராஜா? விசிறி விட ஆள் வைக்கச் சொல்லலையா?" என்று ஒரு போடு போட்டேன். மேஜையே அதிர்ந்தது. கிடைத்த கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அடுத்தது. 'நண்பர்கள் எட்டுப் பேர் வர்றாங்க, இருக்கிறதை வச்சு அட்ஜஸ்ட் பண்ணு.' பின் நடந்தது: எட்டுப் பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். நான் தண்ணீர் குடித்தேன்."

"பாவி" என்றாள் பக்கம் கட்டுகிற பெண்.

"இந்த மாதிரி ஆளையெல்லாம் வெளிய விட்டு வச்சிருக்காங்களே" என்றேன் நான்.

"அடுத்தது. 'ஜன்னல் பக்கம் உக்காந்தாத்தான் எனக்குத் தலை சுத்தாது, நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' பின் நடந்தது: பதினாறு வருஷமாக நாங்கள் பஸ்ஸில் எந்தெந்த ஊர் வழியாகப் போனோம் என்று எனக்குத் தெரியாது."

இந்த முறை சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. எனக்கும் பஸ்ஸில் தலை சுற்றும். உலகத்தில் எத்தனையோ பேருக்குச் சுற்றும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

"அடுத்தது. இடம், பிரசவ ஆஸ்பத்திரி. சொன்னவர், கணவர், போனில். 'ஒரு எழுத்து முடியற நேரம், வந்துடறேன். டாக்டர் வர்ற வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.' பின் நடந்தது: பண்ணிக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்துவிட்டது."

மேஜை குலுங்கியது. பூதக்கண்ணாடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு எழுத்து முடிகிற நேரம் என்று உலகத்தில் எத்தனை கணவன்மார்கள் பேசுவார்கள்? என் மகள் பிறந்த அன்றைக்கு அகராதியில் 'பி' எழுத்து முடிந்தது. முடித்துவிட்டுத்தான் போனேன். முடித்ததற்கு இதே மேடம் எனக்குப் பாராட்டுக் கடிதம் வேறு கொடுத்தார்.

"மேடம், மணி பதினொண்ணரை ஆச்சு. டீ குடிச்சிட்டு வந்து..." என்று இழுத்தேன்.

"இன்னும் இருபத்தாறு இருக்கு சார். நீங்கதானே சீட்டு போதாதுன்னு சொன்னீங்க?" என்று அடுத்ததை எடுத்தார்.

அதன் பிறகு நான் ஒரு போடும் போடவில்லை. சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கட்டிலில் சுவரோரம், அவளுடைய தோழியின் கல்யாணத்துக்குப் போகாதது, அவள் அக்கா வந்தபோது கூடத்தில் படுத்தது, என் அப்பா வந்ததும் அவளுடைய அலமாரி அப்பாவுக்கு ஆனது. எதிலும் ஒரு வசவு இல்லை, புலம்பல் இல்லை. மருந்துச் சீட்டு மாதிரி எழுதியிருந்தாள். எல்லாமே நடந்ததுதான். ஒன்றைக்கூட மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் நடந்தபோது இவையெல்லாம் ஒரு விஷயமாகவே எனக்குப் படவில்லை. சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

நடுவில் பொருள் பற்றிய விவாதம் வேறு சூடு பிடித்தது. 'அனுசரி' என்று எழுதலாம் என்றார் பூதக்கண்ணாடி.

"அது எப்படி?" என்றாள் பக்கம் கட்டுகிற பெண். "அனுசரிச்சுப் போறதுன்னா ரெண்டு பக்கமும் கொஞ்சம் நகரணும். இந்தாளு இருபது சீட்டா உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்ல."

"அப்ப 'விட்டுக்கொடு'வே இருக்கட்டும்."

"அதுவும் சரியில்ல" என்றார் மேடம். "விட்டுக்குடுக்கறதுன்னா அவங்களா மனசு வச்சுக் குடுக்கணும். இங்க அந்த மனசை யாருமே கேக்கலையே." அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சார், உங்க சொல்லு இது. நீங்க என்ன நினைக்கறீங்க?"

"யோசிக்கணும் மேடம்" என்றேன்.

கரும்பலகையில் 'விட்டுக்கொடு' அடிபட்டது. அந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்படவில்லை.

"கடைசிச் சீட்டு, முப்பத்தொண்ணு" என்றார் மேடம். "போன ஞாயிற்றுக்கிழமை. கணவர், மனைவி. 'காலைல வீட்டுல யாரு? இப்ப போறதே நல்லாத்தானே போகுது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்.' மேல ஒரு குறிப்பு இருக்கு. வேலையில் காலை ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பாகக் கூப்பிட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னபோது." அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "பின் நடந்தது காலியா இருக்கு. இது செல்லாது."

"மறந்துட்டாங்களா?" என்றாள் பக்கம் கட்டுகிற பெண்.

"முப்பது சீட்டு இவ்வளவு சுத்தமா எழுதினவங்க மறப்பாங்களா? வெள்ளிக்கிழமை நாளைக்குத்தானே. இது யாரோட கட்டு? கேட்டுப் பூர்த்தி பண்ணச் சொல்லுங்க."

பக்கம் கட்டுகிற பெண் அட்டையின் மூலையைப் பார்த்தாள். "நாலாம் நம்பர்" என்றாள். "நாலு யாருது?"

மற்ற மூன்று எண்களும் மற்ற மூன்று பேருக்கு. இவ்வளவு கணக்குப் போட இங்கே யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பக்கம் கட்டுகிற பெண் என்னையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. மகாராஜா என்று நான் சொன்னது எல்லார் காதிலும் இன்னும் இருந்திருக்கும்.

மேடம் அந்த ஒரு சீட்டை மட்டும் எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க சார். இன்னைக்கு லீவு எழுத வேண்டாம், வேலைதான் இது" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. கேலி செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பஸ் பிடித்து லேப்புக்குப் போனேன். முதல் இரண்டு நிறுத்தம் வரை அவமானத்தில் வெந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் கொஞ்சம் ஆறியது. நான்காவது நிறுத்தத்தில் ஒரு யோசனை வந்தது: நாளைக்குத்தானே கெடு, இன்றைக்கே போய், "எடுத்துக்கோ, வீட்டை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டால்? ஐந்தாவது நிறுத்தத்தில் அவள் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். ஆறாவதில் இறங்கியபோது நான் கிட்டத்தட்ட ஒரு மகான். முப்பது சீட்டை ஒரே வாக்கியத்தில் அடித்துத் திருத்திவிடலாம் என்கிற அளவுக்குத் துணிச்சல் வந்திருந்தது.

பதினோரு வருஷத்தில் நான் அந்த லேப்புக்குள் போனதில்லை. வாசல்வரை ஸ்கூட்டரில் விட்டிருக்கிறேன், மழை பெய்த நாட்களில். உள்ளே ஸ்பிரிட் வாடை. சுவரோரம் வரிசையாக நாற்காலி, கையில் டோக்கனோடு ஜனம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் வெள்ளைக் கோட்டில் நின்றிருந்தாள். ஒரு இளம்பெண் ஒரு வயதான அம்மாவின் கையில் நரம்பு தேடித் தேடி அலுத்துப்போய், "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்றாள். இவள் போனாள். அந்த அம்மாவின் கையை எடுத்து விரலால் ஒருதரம் தடவினாள், ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தாள். அந்த அம்மா சிரித்து முடிப்பதற்குள் ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த பிள்ளைகள் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரோ ஒரு பெரிய அதிகாரியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. ஓடிவந்தாள்.

"என்ன ஆச்சு? மாமாவுக்கு என்ன? பொண்ணுக்கு ஏதாவது..."

"ஒண்ணும் ஆகல. எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றேன். நான் அவள் வேலையிடத்துக்கு வந்தால் யாராவது செத்திருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த வழக்கம்.

ஓரமாக ரத்தம் எடுக்கிற நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அதில் உட்காரச் சொன்னாள். தானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பஸ்ஸில் தயாரித்ததைச் சொன்னேன்.

"அந்தப் பொறுப்பை எடுத்துக்கோ. காலைல வீட்டை நான் பார்த்துக்கறேன்."

கண் கலங்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை. ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரி என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"மாமாவுக்கு வெறும் வயித்துல எந்த மாத்திரை, சாப்பிட்டப்புறம் எந்த மாத்திரை?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்."

"பொண்ணுக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

"ஏழரை... ஏழே முக்கால்?"

"ஏழு பத்து" என்றாள். "சரி, இப்ப ஏன் திடீர்னு?"

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"இன்னைக்குத்தான் படிச்சீங்களா?"

"நான் படிக்கல. மேடம் வாசிச்சாங்க. எல்லார் முன்னாலயும்."

"திங்கட்கிழமை காலைல உங்க கையில குடுத்தேன்" என்றாள். "நீங்க படிப்பீங்கன்னு நினைச்சேன். அன்னைக்கு சாயங்காலம் உங்க முகத்தையே பார்த்துட்டு இருந்தேன். செவ்வாய்க்கிழமையும் பார்த்தேன். நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டீங்க, டிவி பார்த்தீங்க, ஃபேனை ஏத்தி வச்சுட்டுத் தூங்கினீங்க. புதன்கிழமை காலைல வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"எதுல?"

"ஏத்துக்கறேன்னுதான். வர்ற ஒண்ணாம் தேதியிலேர்ந்து."

நான் சுமந்துகொண்டு வந்த தியாகம் அப்படியே மடியில் கிடந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் ஒரு நிம்மதி வந்தது, நான் பிழைத்தேன் என்று. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"நல்லது பண்ணே" என்றேன். "நான் வேண்டாம்னு சொல்லலையே."

"அதாங்க விஷயமே" என்றாள். கோபமில்லாமல், ரொம்ப நாள் யோசித்துவைத்த ஒன்றைச் சொல்வது மாதிரி சொன்னாள். "வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். போகாதேன்னு ஒருநாளும் நீங்க சொன்னதில்ல. முப்பத்தோரு தடவையும் நல்லபடியாத்தான் சொன்னீங்க. அந்த வார்த்தையோட எப்படி மல்லுக்கு நிக்கறது? எழுதி அடுக்கி வச்சுப் பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சது. முதல்ல சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் வரல."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. அவள் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பி, ஆள் இருக்கிறார்கள் என்று கண்டதும் மீண்டது.

"மூணு வருஷம் முன்னாடியும் இதே பொறுப்புக்கு என்னைக் கேட்டாங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொல்லல. வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். வந்து சமைச்சேன். உங்ககிட்ட கேட்டா என்ன சொல்வீங்கன்னு தெரியும். அதை நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். உங்க குரல்லயே."

"அந்தச் சீட்டு கட்டுல இல்லையே?" என்றேன். அகராதிக்காரன் புத்தி, கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டேன்.

"எழுத உக்காந்தேன். முதல் வரியிலேயே நின்னுட்டேன். சொன்னவர்னு யாரைப் போடறது? நீங்கன்னு போட்டா பொய். நீங்க அன்னைக்கு வாயே திறக்கல, உங்களுக்குத் தெரியவே தெரியாது. நான்னு போட்டா, பழியையும் நானே வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிடும். கிழிச்சுப் போட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தொரு சீட்டு என்னைச் சுட்டபோது வெட்கமாக இருந்தது. இந்த ஒரு சீட்டு சுடவில்லை, அறுத்தது. என் பெயரே இல்லாத, நான் சொல்லவே சொல்லாத ஒன்றுக்காக இவள் மூன்று வருஷம் கொடுத்திருக்கிறாள். மற்றவற்றை அவள் ஞாபகம் வைத்திருந்ததால் நான் தெரிந்துகொண்டேன். இப்படி அவள் எனக்குப் பதிலாகத் தனக்கே சொல்லிக்கொண்டவை எத்தனையோ, அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து, "ஒண்ணும் வலிக்காது சார், எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றார்.

"நாப்பத்தி மூணு" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் எழுந்து புதுக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அந்த நாற்காலி வேணும்" என்றாள்.

எழுந்து இடம் விட்டேன். கையிலிருந்த சீட்டில் நான்காவது வரி அப்படியே இருந்தது. என்ன எழுதுவது என்று தெரிந்துவிட்டது, 'ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டாள்' என்று எழுதிவிட்டால் மேடம் ஒப்புக்கொள்வார், சொல்லும் அச்சுக்குப் போய்விடும். போகட்டும். நான் வெளியே டோக்கன் இல்லாதவர்கள் உட்காருகிற பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு வேலை முடிய இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒருதரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று நானாக நினைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. பதினேழு வருஷத்தில் அதைப் பழகியிருந்தவள் அவள் மட்டும்தான்.